பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் கைகள்

மருத்துவ உதவியாளர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை நம் ஏடுகள் பேசுவதே இல்லை. ஏதோ படித்தவர்களின் சங்கப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறோம். நிலம், கோயில், சுடுகாட்டுப் பாதை, இரட்டைக் குவளை என்று எழுதிக்கொண்டே போகிற நாம், ஆஸ்பத்திரிக்குள் சாதி எப்படி வேலையைப் பிரித்துவைத்திருக்கிறது என்று எழுதியது மிகக் குறைவு. இப்போது எழுதித்தான் ஆகவேண்டும். சட்டம் வந்துவிட்டது. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்ற கணக்கு நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

நம்ம ஏரியாவிலிருந்தே தொடங்குகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் முகப்பேர். இன்று அங்கே இயங்கிவரும் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் நிறுவனம்தான் 1992-ஆம் ஆண்டு, இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியனின் முயற்சியில், ‘பிசிசியன் அசிஸ்டென்ட்’ படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் இந்தப் படிப்பின் தொடக்கம் அது. நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு எழுதுவது, அறுவை அரங்கில் சர்ஜனுக்கு எதிரே நின்று உதவுவது, பைபாஸுக்கு வேண்டிய ரத்தக்குழாயைக் காலிலிருந்து எடுத்துக் கொடுப்பது, ஐ.சி.யூ.வில் இரவெல்லாம் விழித்திருப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது எல்லாம் இவர்கள் வேலை. பிறகு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டமாக இது வளர்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் வந்தது.

ஆனால் இவர்கள் யார்? டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலும் நர்சிங் கவுன்சில் பதிவேட்டிலும் இவர்களுக்குப் பக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஆவடி, திருநின்றவூர்ப் பிள்ளைகள் சிலர் இந்தப் படிப்பை முடித்திருக்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் ‘பி.ஏ.’ என்று அட்டை தருகிறான். இன்னொன்றில் அதே வேலைக்கு ‘கோ-ஆர்டினேட்டர்’ என்று பெயர். வேறொரு இடத்தில் ‘டியூட்டி ஸ்டாஃப்’. ஆஸ்பத்திரி மாறினால் தொழிலின் பெயரே மாறிப்போகிறது. பெயரில்லாத வேலைக்குக் கூலி பேச முடியாது என்பது விவசாயக் கூலிகளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

1992-இல் படிப்பு. இந்தத் தொழிலை ஒரு அட்டவணையில் சேர்த்த மத்தியச் சட்டம் 2021-இல். இடையில் 29 வருடம்.

படிப்பின் மூலக்கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை இங்கே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-இல் யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் நான்கே பேர், கடற்படையில் மருத்துவச் சிப்பாய்களாக வேலை செய்தவர்கள். படையில் இருந்தவரை காயத்துக்குக் கட்டுப்போட்டவன், ஊசி போட்டவன், உயிரைப் பிடித்து வைத்தவன், ஊர் திரும்பினால் எந்த ஆஸ்பத்திரியிலும் அவனுக்குத் தகுதி கிடையாது. அந்தக் கைகளில் ஏற்கெனவே இருந்த அறிவை ஒப்புக்கொண்டு, அதன்மேல் பாடம் வைத்துத்தான் அந்தத் தொழிலையே உண்டாக்கினார்கள். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அதற்கு உரிமம் உண்டு. படிப்பின் பெயரை நாம் கடல் தாண்டிக் கொண்டுவந்தோம். வேலை செய்து கற்றவனுக்கு ஒரு கதவு என்ற கருத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கதவு ஏன் இங்கே யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டால், என் அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டிவரும்.

சி.டி.எச். ரோட்டில் ஒரு நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். அத்தை அங்கே 22 வருடம் வேலை செய்தாள். பிரசவ அறையில் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ரத்தம் துடைத்தவள், நஞ்சுக்கொடியைப் பக்கெட்டில் எடுத்துப் போனவள். புதிதாக வரும் சின்ன வயசு நர்ஸ் பெண்களுக்கு வென்ஃப்ளான் போட எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று காட்டிக்கொடுத்ததும் அவள்தான். “டாக்டரம்மா காருல வந்து எறங்கறதுக்குள்ள கொயந்த அழுதுடும். அவங்க வந்து கையெழுத்துப் போடுவாங்க” என்பாள். இதைக் குறையாகவே சொல்லமாட்டாள், ஒரு கெத்தோடு சொல்வாள். சம்பள நோட்டில் அவள் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது ‘ஸ்வீப்பர்’. வேலையைவிட்டு நின்றபோது அனுபவச் சான்று கேட்டாள். ஆயாவுக்கு எதுக்கும்மா சர்ட்டிபிகேட் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த நர்சிங் ஹோமுக்கு லைசென்ஸ் இருந்தது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அது 2018-இல் திருத்தப்பட்டு, விதிகள் வந்தன. கட்டடத்துக்கு லைசென்ஸ், லிஃப்ட்டுக்கு லைசென்ஸ், எக்ஸ்ரே மெஷினுக்கும் லைசென்ஸ். பிள்ளையைக் கையில் வாங்கியவளுக்குக் கிடையாது.

இது ஒரு நர்சிங் ஹோமின் கஞ்சத்தனம் என்று விட்டுவிட முடியாது. வேர் ஆழமானது.

உடம்பைத் தொடுகிற தொழிலை இந்த நாட்டின் சாதிச் சட்டம் முதலில் இழிவாகத்தான் வைத்தது. வைத்தியன் கொடுக்கும் சோறு சீழுக்குச் சமம் என்பது மனுவின் கணக்கு. உற்றார் இல்லாத பிணத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவதைச் சண்டாளன் தலையில் கட்டியதும் அதே நூல்தான். தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சாதிக்கு ‘மருத்துவர்’ என்ற பெயர் இருப்பதும், பிரசவம் பார்ப்பவளுக்கு ‘மருத்துவச்சி’ என்ற பெயர் இருப்பதும் தற்செயல் அல்ல. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதித் தொகுதிகளும் அந்தச் சாதிப் பெண்கள் பிரசவம் பார்ப்பதைக் குறிக்கின்றன. ஊர்த் தெருவுக்கு மருத்துவச்சி போனாள். சேரிக்கு? எங்கள் பக்கத்துச் சேரிகளில் சேரிக் கிழவிகளே பார்த்துக்கொண்டார்கள். என் பாட்டியின் கையில் பிறந்தவர்கள் பட்டாபிராம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கிழவிகளைத் தர்ஸ்டன் மாதிரியானவர்கள் எண்ணிக்கை எடுக்க வரவில்லை.

வெள்ளைக்காரன் வந்ததும் மருத்துவம் படிப்பாகியது. 1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி. 1844-இல் எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி. படிப்பு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. நேற்றுவரை தீட்டாக இருந்த வைத்தியம் உத்தியோகமானது, உத்தியோகமானதும் தீட்டுப் போனது. பிணத்தை அறுத்துப் படிக்கவேண்டும் என்றால்கூட உயர்சாதிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஆனால் தீட்டு முழுசாகப் போய்விடவில்லை. வேலையை இரண்டாக வெட்டி, நோயைப் பெயர் சொல்லி எழுதுகிற பாதியைப் படிப்புக்கும், சீழ், ரத்தம், மலம், பிணம் ஆகிய பாதியை எங்கள் சனங்களுக்கும் என்று பிரித்துவிட்டார்கள். இந்தப் பிரிவினையைச் சாதி தொடங்கிவைத்தது. அதற்குப் பதிவேடு போட்டு முத்திரை குத்தியது சட்டம்.

பிரசவம் பார்க்கிற கிழவியை ‘அழுக்கு’ என்று முத்திரை குத்திய எழுத்து அன்றைக்கு மலைமலையாக வந்தது. 1903-இல் வைஸ்ராய் கர்சனின் மனைவியின் முயற்சியால் நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர ஒரு நிதி ஏற்பட்டது. நல்ல நோக்கம்தான், தாய்மார் செத்துக்கொண்டிருந்தார்கள், மறுக்கமுடியாது. ஆனால் ஏன் அழுக்கு? சேரியில் தண்ணீர்க் குழாய் எத்தனை? கிணற்றைத் தொடவிட்டார்களா? கை கழுவத் தண்ணி கொடுக்காதவன் கை அழுக்கு என்று அறிக்கை எழுதினான்.

1914-க்கு வருவோம். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. பம்பாய் 1912-லேயே இயற்றியிருந்தது. மேற்கத்திய மருத்துவம் முறைப்படி படித்தவர்கள் பதிவேட்டில் ஏறினார்கள், மற்ற எல்லா வைத்தியரும் வெளியே நின்றார்கள். அதே 1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி அயோத்திதாசப் பண்டிதர் காலமானார். அவரைத் தமிழ்ப் பௌத்தராக, ‘தமிழன்’ இதழின் ஆசிரியராக நமக்குத் தெரியும். அவர் சோறு தின்றது சித்த வைத்தியத்தில் என்பதை மறந்துவிடுகிறோம். இராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்தவர். சிறு வயதில் கை கால் முடங்கிக்கிடந்த திரு.வி.க.வுக்கு அவர்தான் வைத்தியம் செய்தார் என்பதைத் திரு.வி.க.வே தம் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். சாதியால் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், ஊர்ச் சனங்கள் எல்லாம் தேடிவரும் வைத்தியராக வாழ முடிந்தது, ஏனென்றால் அவர் காலத்தில் வைத்தியனுக்குச் சாட்சி குணமான நோயாளிதான். பதிவேடு வந்த பிறகு சாட்சி காகிதமாகிவிட்டது. காகிதம் தருகிற பள்ளிக்கூடத்தின் வாசலில் யார் நின்றார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

பதிவேடே கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாட்டி வைத்தியம், மக்கள் அறிவு, நவீனத்தின் வன்முறை என்று ஒரு பேச்சு தொண்ணூறுகளிலிருந்து நம்மிடம் ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேசுகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தால் ஆட்டோ நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். நல்லது. நம் பெண்கள் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். என் கேள்வி வேறு. பிரசவம் சேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது சேரிக் கிழவியின் மகளும் கூடவே போனாள். எந்த வாசல் வழியாகப் போனாள்? சென்னை மாகாணம் 1926-இல் நர்சுகள், மருத்துவச்சிகள் பதிவுச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் மருத்துவச்சி, பயிற்சிபெற்ற மருத்துவச்சி. பரம்பரையாகக் கைப்பழக்கத்தில் கற்றவளுக்கு ‘ஆயா’ வேலை மிஞ்சியது. ஒரே சொல் இரண்டு ஆளாகப் பிரிந்தது.

இதற்கு நேர்மாறான சட்டமும் இந்த நாட்டில் உண்டு என்பதுதான் முக்கியம். 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. அதுவரை ஆஸ்பத்திரிகளில் மருந்து கலந்துகொடுத்த கம்பவுண்டர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்து வருடம் மருந்து கலந்த அனுபவம் இருந்தால், பட்டம் இல்லாவிட்டாலும் முதல் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதே 1948-இல் பல்மருத்துவர் சட்டம். அதிலும் படிக்காமல், ஐந்து வருடமாகப் பல் வைத்தியத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு ‘பி’ என்று தனிப் பகுதி வைத்துப் பதிவு கொடுத்தார்கள். ஆக, அனுபவத்தைத் தகுதியாக ஏற்க முடியாது, நோயாளிக்கு ஆபத்து என்று இன்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. ஏற்றார்கள். பல் பிடுங்கியவனை ஏற்றார்கள், மருந்து கலந்தவனை ஏற்றார்கள். புண் கழுவியவளுக்கும் பிணம் அறுத்தவனுக்கும் அப்படி ஒரு ‘பி’ பகுதி எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

இடைநிலை மருத்துவன் என்ற ஆளையே அழித்த கதை இன்னொன்று. மூன்று நான்கு வருடம் படித்து எல்.எம்.பி. பட்டயம் வாங்கிய லைசென்ஷியேட் மருத்துவர்கள்தான் அன்று சிற்றூர்களில் இருந்தார்கள். 1933-இல் மத்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தபோது அவர்களை வெளியே நிறுத்தினார்கள். ராயபுரத்து ஸ்டான்லி மருத்துவப் பள்ளி 1938-இல் கல்லூரியாக உயர்ந்தது. 1946-இல் போர் குழு, இனி ஒரே தரத்தில்தான் டாக்டர், குறுகிய படிப்பு வேண்டாம் என்றது. குழுவுக்குள்ளேயே சிலர் மறுப்பு எழுதினார்கள், எடுபடவில்லை. ஒரே தரம் என்பது கேட்க எவ்வளவு சமத்துவமாக இருக்கிறது! ஆனால் ஏணியில் நடுப்படிகளை எடுத்துவிட்டு, மேல்படி எல்லாருக்கும் பொது என்றால் கீழே நிற்பவன் என்ன செய்வான்? மேல்படிக்கு நாம் போராடித்தான் போனோம். வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் போட்ட வழக்கு மருத்துவக் கல்லூரி இடத்துக்கானது என்பதும், 1951-இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அறுபத்தாறு வருடம் கழித்து, 1200-க்கு 1176 வாங்கிய அனிதாவை நீட் எங்கே நிறுத்தியது என்பதும் தெரியும். 2017-க்குப் பிறகு, எம்.பி.பி.எஸ். கனவு கண்ட நம் பிள்ளைகள் பாராமெடிக்கல் படிப்புகளுக்குத் திரும்புவதை நான் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், பதிவுச் சட்டம் இன்றைக்கு நம் பிரச்சினை.

இனி சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007-இல் ஒரு மசோதா வந்தது. பிசியோதெரபி மற்றும் ஆக்குபேஷனல் தெரபி, ஆய்வகம், கதிரியக்கம் ஆகியவற்றுக்கு மூன்று மத்தியக் கவுன்சில்கள் வைப்பது திட்டம். பிசிசியன் அசிஸ்டென்ட் அதில் இல்லவே இல்லை. அந்த மசோதாவும் நிறைவேறாமல் காலாவதியானது. 2018 டிசம்பர் 31 அன்று மாநிலங்களவையில் இன்னொரு மசோதா. நிலைக்குழு பார்த்தது, திரும்ப எழுதினார்கள். கடைசியில் 2021 மார்ச் மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, தேசிய துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆனது. பத்து வகைகளாகப் பிரித்து ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களை அட்டவணை போட்டார்கள். ‘பிசிசியன் அசோசியேட்’ என்ற பெயரோடு நம் முகப்பேர்ப் படிப்பும் அதில் இடம் பிடித்தது. ஒவ்வொரு மாநிலமும் தனிக் கவுன்சில் அமைத்துப் பதிவேடு தொடங்கவேண்டும். தொடங்கினார்களா? மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்களின் கூட்டமைப்பு ஒன்று உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஆகஸ்ட் 12 அன்று நீதிமன்றம், 14 மாநிலங்கள்தான் கவுன்சில் அமைத்திருக்கின்றன, அவையும் செயல்படவில்லை என்று சொல்லி, இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. சட்டம் வந்து மூன்று வருடம் கழித்து!

ஐ.எம்.ஏ. ஒரு பக்கம் எதிர்க்கிறது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, நவீன மருத்துவத்தோடு தொடர்புடையவர்களுக்கு ‘சமுதாய நலவழங்குநர்’ என்று வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றபோது டாக்டர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். போலி டாக்டர்களை அரசே உருவாக்குகிறது என்றார்கள். டாக்டர்கள் தம் சாதியைக் காக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த எதிர்ப்பில் ஒரு உண்மையும் இருக்கிறது. அசாம் 2004-இல் ஒரு சட்டம் போட்டு, மூன்று வருடப் படிப்பில் கிராமத்துக்கென்று மருத்துவர்களைத் தயாரித்தது. 2023 ஜனவரியில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா அமர்வு, மருத்துவக் கல்வியின் தரத்தை வகுப்பது மத்திய அரசின் அதிகாரம், மாநிலத்துக்கு அந்த உரிமை இல்லை என்று அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அசாம் இடையிலேயே, 2015-இல், அதே ஆட்களைச் சமுதாய நலப் பணியாளர்களாகப் பதிவு செய்ய வேறு சட்டம் போட்டிருந்தது. நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ‘கிராமத்துக்கு மூணு வருஷ டாக்டர்’ என்றால் சேரிக்கு அரை டாக்டர் என்று அர்த்தம், அதை நாமும் எதிர்க்கவேண்டும். டாக்டர் என்ற பெயர் நமக்கு வேண்டாம். நாம் செய்கிற வேலையின் பெயரில் பதிவு வேண்டும். இங்கிலாந்தில்கூட 2024 டிசம்பரில்தான் பிசிசியன் அசோசியேட்டுகளை மருத்துவக் கவுன்சிலின் பதிவுக்குக் கீழ் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு அரசு ஆய்வு, நோயாளி குழம்புகிறார், பெயரை ‘அசிஸ்டென்ட்’ என்று மாற்றுங்கள் என்றது. பெயருக்காக அங்கேயும் சண்டைதான்.

சரி, 2021 சட்டத்தின் அட்டவணையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். துணைமருத்துவப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. அதற்கு மேல்நிலையில் இருப்பவர் என்றால் 3,600 மணி நேரம். நான் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 8 மணி, வருடத்துக்கு 300 நாள் என்று குறைத்து வைத்தாலும் என் அத்தை 22 வருடத்தில் 52,800 மணி நேரம் நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவளுக்கு அட்டவணையில் இடமில்லை. சூழலியலாளருக்கு இருக்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இருக்கிறது. காடு குளத்தை ஆராய்கிறவர் துணைமருத்துவப் பணியாளர். பிணவறையில் மண்டையோட்டைத் திறந்து கொடுப்பவர் இல்லை.

பிணவறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் டாக்டர் கையெழுத்து இருக்கும். கத்தி யார் கையில் இருந்தது என்று அறிக்கை சொல்லாது. தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனைப் பிணவறைக்கும் போய் நின்று பாருங்கள். தண்டவாளத்தில் கிடந்த உடம்பை, ஆறு நாள் ஏரியில் ஊறிய உடம்பைத் தூக்கிவந்து மேசையில் போட்டு, திறந்து, உறுப்புகளை எடுத்துக்காட்டி, திரும்பத் தைத்து, குளிப்பாட்டி, துணி சுற்றி உறவுக்காரர் கையில் கொடுப்பவர் எந்தச் சாதி என்று கேளுங்கள். உடற்கூறு அவருக்குக் கைமனப்பாடம். புதிதாக வந்த டாக்டருக்கு எங்கே வெட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். அவர் பதவியின் பெயர் துப்புரவுப் பணியாளர், அல்லது பிணவறை உதவியாளர். இப்போது பாதிப்பேர் காண்ட்ராக்ட். நாற்றம் தாங்கக் குடிக்கிறார், குடித்து ஐம்பது வயசில் சாகிறார். சாதிக் கொலையில் செத்த நம் பிள்ளைகளின் உடம்பில் எத்தனை வெட்டு என்று முதலில் எண்ணிப் பார்த்த கண்கள் அவருடையவை. அவர் சாட்சிக் கூண்டு ஏறுவதில்லை, காகிதத்தில் அவர் இல்லை.

கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தபோது, அவர் உடம்பைப் புதைக்கவிடாமல் கும்பல் அடித்து விரட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். வேலங்காட்டில் நள்ளிரவில் அவரோடு வேலை செய்த ஒரு டாக்டரும் இரண்டு வார்டு பாய்களும் மண்ணை அள்ளிப் போட்டுப் புதைத்தார்கள். அந்த டாக்டரின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, வரவேண்டியதுதான். மற்ற இருவரும் பல செய்திகளில் ‘இரண்டு வார்டு பாய்கள்’ என்பதோடு முடிந்தார்கள்.

அரசும் இந்த விளையாட்டில் கெட்டிக்காரர். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். எங்கள் தெருவில் பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். வருகிற பெண்களுக்குப் பெயர் ‘தன்னார்வலர்’, தருவது ‘ஊக்கத்தொகை’. தன்னார்வலர் என்றால் அவள் தொழிலாளி இல்லை. தொழிலாளி இல்லாதவளுக்குக் குறைந்தபட்சக் கூலியும் இல்லை, பதிவும் இல்லை.

இவ்வளவும் பேச அம்பத்தூரில் ஒரு சின்னக் கூட்டம் போட்டோம். முப்பது பேர் இருக்கும். பிசிசியன் அசிஸ்டென்ட் படித்த பிள்ளைகளும் வந்தார்கள், ஆயாக்களும் வந்தார்கள், ஒரு பிணவறை ஊழியரும் வந்திருந்தார். படித்த பையன் ஒருவன், நம்ம பையன்தான், எழுந்து சொன்னான்: “அக்கா, நாங்க நாலு வருஷம் படிச்சவங்க. எங்களையும் ஆயாம்மாங்களையும் ஒரே மனுவுல எழுதுனா எங்களையும் ஆயான்னுதான் நெனப்பாங்க.” கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவன் பயம் பொய்யில்லை. முதல் தலைமுறையாக மேலே ஏறியவன், கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. என் அத்தைதான் பேசினாள். “நீ டாக்டருக்குப் பக்கத்துல நில்லுப்பா, யாரு வாணான்றா. நாங்க உனக்குப் பக்கத்துல நிக்கறோம். வரிசைன்னா அப்டித்தான?” பையன் சிரித்துவிட்டான். ஆனாலும் மனு ஒன்றா இரண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.

முடிவானது இவ்வளவு: மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில் 1948-இல் கம்பவுண்டருக்குத் தந்ததுபோல ஐந்து வருட அனுபவத்துக்கு ஒரு பகுதி வேண்டும். அந்தப் பகுதியில் வார்டு உதவியாளர், பிரசவ அறை உதவியாளர், பிணவறை உதவியாளர் என்று தொழிலின் பெயர் தெளிவாக எழுதப்படவேண்டும். அவர்களுக்கு அரசுச் செலவில், சம்பளத்தோடு, குறுகிய பயிற்சி தரவேண்டும். அந்தப் பயிற்சியை நடத்தப் பூந்தமல்லியிலேயே அரசுப் பொதுசுகாதார நிறுவனம் இருக்கிறது, புதுசாகக் கட்டடம் கட்டத் தேவையில்லை. பயிற்சி முடித்தவர் மேலே படிக்க விரும்பினால் அந்த மணி நேரத்தைப் படிப்பில் கழிக்கவேண்டும்.

அனுபவத்துக்குச் சான்று எங்கே என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். சான்றைத் தரமறுத்தவர்களே கேட்பார்கள். அதனால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருவேற்காடு பகுதிகளில் பத்து வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வேலை செய்தவர்களின் பழைய அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. சீட்டு, பி.எஃப். ரசீது, சம்பளக் கவர், தீபாவளி போனஸ் துண்டுச்சீட்டு எதுவானாலும் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். காகிதம் இல்லாதவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். எந்த வருடம் சேர்ந்தீர்கள், யார் வேலை சொல்லிக்கொடுத்தார்கள், நீங்கள் யாருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பவை முதல் மூன்று கேள்விகள். இதுவரை 41 பேர் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லாரும் அதிக நேரம் பேசுகிறார்கள்.